ஒரு துணைக்கால் காணவில்லை

அத்தியாயம் நான்கு

குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தவள் குற்றவாளிக்கு நேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். குற்றவாளி அவளுக்கு ஒரு சோடா வேறு வாங்கிக் கொடுத்திருந்தார்.

வெயிலுமுத்துவின் இருபது வருடத் துப்பறியும் அனுபவத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. அந்த இருபதில் பதினாறு வருடம் நூற்பாலை கேட்டில் நின்ற அனுபவம். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து, உள்ளே நூல்கண்டு இருக்கிறதா, வெறும் ரசச் சோற்றுப் பருக்கை இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம். ஆலை மூடிய பிறகு, கோவில்பட்டி மெயின் ரோட்டில் கடலைமிட்டாய்க் கடை மாடியில் ‘வெயில் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினார். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் மிட்டாய் வாங்க வந்து வழி தவறியவர்கள். மீதிப் பாதியில் ஒருத்தி இவள்.

“என் பேரு முத்துசெல்வி, அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குதேன். எங்க வீட்டுக்காரரு யோகராஜ். பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுதாரு.”

யோகராஜ் என்ற பெயரைக் கேட்டதும் வெயிலுமுத்துவின் பேனா குறிப்புத்தாளில் நின்றது. மூலையில் தமிழ் டைப்ரைட்டருக்குப் பின்னால் இருந்த ராதாமணியின் விரல்களும் நின்றன. ராதாமணி இந்த நிலையத்தின் ஒரே உதவியாளர். அதற்கு முன்பு கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் மனு டைப் அடித்தவள். வயது நாற்பத்திரண்டு. வாய்க்கு வயது அதைவிட அதிகம்.

முத்துசெல்வி ஒரு கோர்ட் நோட்டீஸை மேஜையில் வைத்தாள். மேஜை விசிறி அதைப் பறக்கவிடப் பார்த்தது. பசை காய்ந்த விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“வத்தல் மண்டி லிங்கராஜ் இருக்காருல்லா, அவரு பொண்டாட்டி பாண்டிச்செல்வி மேல விவாகரத்து கேசு போட்டிருக்காரு. கள்ளத்தொடர்பாம். அந்த ஆளு எங்க வீட்டுக்காரராம். ரெண்டாம் எதிர்மனுதாரர்னு பேரு போட்டு வந்திருக்கு.”

“அது விதிம்மா” என்றாள் ராதாமணி. “பொண்டாட்டிக்கு வேற ஆளு இருக்குன்னு சொல்லி அத்துவிடச் சொன்னா, அந்த ஆளு யாருன்னும் சொல்லணும். அவரையும் கோர்ட்டுக்கு இழுக்கணும்.”

“இழுத்தாச்சே. ஏழு வாரமா நான் கதவைத் தொறக்கலை. ஆட்டோலதான் கெடக்காரு. எங்க பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு ஸ்டாண்டுக்குப் போயி அப்பாவைப் பாத்துட்டு வருது. என்னன்னு கேட்டா, அந்தம்மா மாடிப்படியில விழுந்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேங்காரு. அது ஓட்டு வீடு, அண்ணாச்சி! மாடியே கிடையாது. மாடி இல்லாத வீட்டுல மாடிப்படியில விழுந்தாளாம். புளுகுதவரு கொஞ்சம் யோசிச்சுப் புளுகவேண்டாமா?”

நோட்டீஸோடு வந்த மனுவில் ஒரு வரியை அவள் விரலால் காட்டினாள். வெயிலுமுத்து வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவருக்கு மனப்பாடம்.

‘கயத்தாறு மகப்பேறு மருத்துவமனைப் பதிவேட்டில் “பாண்டிச்செல்வி, க/பெ யோகராஜ்” எனப் பதிவாகியிருப்பது மனுதாரர் மேற்கொண்ட தனிப்பட்ட விசாரணையில் தெரியவந்தது.’

க/பெ என்றால் கணவர் பெயர். ரேஷன் கார்டிலிருந்து கிரயப் பத்திரம் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த சுருக்கெழுத்து.

“இந்த விசாரணையைச் செஞ்ச பாவி யாருன்னு பேரு போடலை. நீங்க அவனைக் கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சு?” என்றார் வெயிலுமுத்து.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ உன் ரெண்டு கண்ணால இதைப் பாத்தியாடான்னு. ஆமான்னு சொன்னா, நானும் எங்க வீட்டுக்காரரை அத்துக்கிடுதேன். நாளைக்குப் பத்தரைக்கு கேசு. அதுக்குள்ள சொல்லணும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் விடும். கேட்டுல நிப்பேன்.”

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை மாடியில் ஒரே ஒரு சத்தம்தான். மேஜை விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இல்லை, இல்லை, நான் இல்லை என்பதுபோல. அது லிங்கராஜ் கொடுத்த ஃபீஸில் வாங்கிய விசிறி.

“கேசு முடிஞ்சுது, அண்ணாச்சி” என்றாள் ராதாமணி. “ஆளு கிடைச்சாச்சு. நாற்காலிலேயே இருக்காரு. பிடிச்சுக் குடுத்துருவோமா?”

“சும்மா இரு, ராதா. நீ டைப் அடிக்கும்போது தப்பா அடிச்சிருப்பே.”

“அப்படிப் போகுதா!” அவள் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தாள். உள்ளே சுண்டல் கட்டிக்கொடுத்த மடிப்போடு ஒரு துண்டுக் காகிதம். பென்சிலில், கோழி கிளறியது போன்ற எழுத்தில், ‘க/பெ யோகராஜ்’. கோழி வேறு யாருமில்லை.

“உங்க எழுத்துதானே? அந்தம்மா வரியை எடுத்து ரிஜிஸ்டரை விரிச்சப்போ கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு தலைகீழா வாசிச்சேன், இந்த ஜில்லாவுலேயே தலைகீழா வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தான்னு அன்னைக்கு வந்து பீத்துனீங்க. ஒரு தடவை நேரா வாசிச்சுட்டு வந்துருங்களேன்னு சொன்னேன். கேட்டியளா?”

கேட்கவில்லை. அதுதான் ஐந்து மாதமாக அவருடைய விலா எலும்புக்கு அடியில் முள்போலக் கிடந்தது. மே மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் பாண்டிச்செல்வியின் பின்னால் போனார். அறிக்கை எழுதினார். மறந்துவிட்டதாக நினைத்தார். போன வாரம் லிங்கராஜின் வக்கீல் ஆளனுப்பி, செவ்வாய்க்கிழமை கூண்டேறி இந்த அறிக்கை என்னுடையதுதான் என்று சத்தியம் பண்ண வேண்டும் என்றபோது அந்த முள் அசைந்தது. ஆனாலும் சரி என்று சொல்லி அனுப்பினார்.

ராதாமணி அறிக்கையின் கார்பன் காப்பியைப் பிரித்து, செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

“‘கடும் கோடையிலும் முந்தானையை இடது தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்தார். அடையாளத்தை மறைக்கும் நோக்கம் தெளிவு.’ ‘ஆட்டோவிலிருந்து மேற்படி யோகராஜ் கைத்தாங்கலாக இறக்கினார். நெருக்கம் தெளிவு.’ ‘வீடு: ஓட்டு வீடு, மாடி இல்லை, பின்வாசல் உண்டு. பின்வாசலின் உபயோகம் தெளிவு.’ உங்களுக்கு எல்லாமே தெளிவா இருந்திருக்கு, அண்ணாச்சி. குடுத்துவச்சவுக.”

“எந்திரி. கயத்தாறுக்குப் போவோம்.”

“நேரா வாசிக்கவா?”

“நேரா வாசிக்க.”

“அப்ப ஆட்டோவுல போவோம். எந்த ஆட்டோன்னு நான் சொல்லுதேன்.”

அவள் சொன்ன ஆட்டோவின் பின்சீட்டுக்கு மேலே ஒரு பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. கண்ணாடி ஓரத்தில் ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு சோப்புப் பெட்டி. சாமி படத்துக்குக் கீழே, நோட்டுத்தாளில் கலர்பென்சிலால் வரைந்த ஒரு மஞ்சள் ஆட்டோ. அடியில் ‘பானு, 4-ஆம் வகுப்பு’. வெயிலுமுத்து அதற்கு நேர் எதிரே உட்காராமல் நகர்ந்து உட்கார்ந்தார். நகர்ந்த இடத்திலிருந்தும் அது தெரிந்தது.

“எங்கன போகணும்?” ஒடிசலான ஆள் யோகராஜ். சட்டையைத் துவைத்திருந்தார், தேய்க்க இடமில்லை.

“கயத்தாறு. மெயின் ரோட்டு ஆஸ்பத்திரி.”

ஆட்டோ கிளம்பாமல் நின்றது. “அந்த ஆஸ்பத்திரிக்கா? வேற ஆட்டோ பாருங்களேன்.”

“ஏன், ரோடு சரியில்லையோ?” என்றாள் ராதாமணி ஒன்றும் அறியாதவள்போல.

“ரோடு நல்லாத்தான் இருக்கு. என் நேரந்தான் சரியில்லை.” ஆனாலும் கிளப்பினார். சவாரி சவாரிதான்.

முதல் மழை பெய்து முடிந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் கன்னங்கரேலென்று ஊறிக் கிடந்தது. உளுந்து விதைத்துவிட்டு ஏறி வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ரோட்டு ஓரக் கல்லில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண் ஒட்டினால் லேசில் விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அடுக்கு ஏறும். வெயிலுமுத்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். சுத்தமாகத்தான் இருந்தது.

“அந்தம்மாவை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?” ராதாமணி நூல் விட்டாள்.

யோகராஜ் கண்ணாடியில் பார்த்தார். “ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சுல்லா, நீங்களும் கேளுங்க. பழக்கமே கிடையாது. ரோட்டுல உடம்புக்கு முடியாம நின்னுது. ஏத்துனேன். கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். ‘அங்கன வேண்டாம், தெரிஞ்சவுக பாத்துருவாக, கயத்தாறுக்கு விடுங்க’ன்னுது.”

“உடம்புக்கு என்ன?”

“மாடிப்படியில விழுந்துட்டு.”

“மாடி இல்லாத வீட்டுலயா?”

யோகராஜ் கியரை மாற்றினார். “மேற்கொண்டு கேக்காதீங்கக்கா. பிள்ளை மேல சத்தியம் வாங்கிருக்கு. என் பொண்டாட்டிட்டயே சொல்லலை.”

பானு வரைந்த மஞ்சள் ஆட்டோ காற்றில் படபடத்தது. வெயிலுமுத்துவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. பொய் சொல்கிறவன் நல்ல பொய்யாகச் சொல்வான். இந்த ஆள் மோசமான பொய்யை ஏழு வாரமாகப் பிடித்துத் தொங்குகிறான் என்றால், அது இவனுடைய பொய் இல்லை. யாரோ கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்ன பொய்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ராதாமணி போர்டை அண்ணாந்து பார்த்தாள். ‘மகப்பேறு’ என்று முதல் வரியில் பெரிதாக. கீழே சிறிய எழுத்தில், ‘மற்றும் எலும்பு முறிவு, பொது மருத்துவம்’.

“ரெண்டாவது வரி வாசிக்கிறதில்லைன்னு ஏதும் நேர்த்திக்கடனா, அண்ணாச்சி?”

மகப்பேறு என்ற சொல்லைப் பார்த்ததுமே அந்த மே மாதத்தில் அவருக்குக் கதை முழுவதும் கிடைத்துவிட்டது. கதை கிடைத்தபின் போர்டு எதற்கு?

கவுண்டரில் பதிவு எழுதுகிற கொம்பையா இருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால் உடைந்து, நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். எதிரே அகலமான பதிவேடு விரித்தபடி. அதன் வலது பக்கத்தின் மேல், மே மாதம் இருந்த அதே இடத்தில், அதே எவர்சில்வர் தூக்குச்சட்டி. கொம்பையா வெயிலுமுத்துவை உற்றுப் பார்த்தார்.

“நீங்க வெயில் காலத்துல வந்து, நாகர்கோவில் பஸ் எப்பன்னு கேட்டுட்டு அரை மணி நேரம் இங்கனயே நின்ன ஆளுல்லா? பஸ் கிடைச்சுதா?”

“இன்னும் வரலை” என்றார் வெயிலுமுத்து, வேறு வழியில்லாமல்.

ராதாமணி முன்னால் வந்தாள். “ஐயா, நாளைக்கு கோவில்பட்டி கோர்ட்டுல உங்க ரிஜிஸ்டரைப் பத்திப் பேசப் போறாவ. ஒரு பொம்பளைக்கு வேற ஆளைப் புருசன்னு எழுதிவச்சிருக்கீங்களாம்.”

“நானா!” கொம்பையா நிமிர்ந்த வேகத்தில் கண்ணாடியின் நூல் அறுந்தது. “இருபத்திரெண்டு வருசமா எழுதுதேன். ஒரு புள்ளி மாறியிருக்கா? எந்தத் தேதி? பேரைச் சொல்லுங்க.”

“பாண்டிச்செல்வி. ஏப்ரல் மாசம்.”

கோபத்தில் அவர் தூக்குச்சட்டியை நகர்த்திவிட்டுத் தாள்களைப் புரட்டினார். ஏப்ரல் ஒன்பது வந்தது. பதிவேட்டை அவர்கள் பக்கமாகவே திருப்பிப் போட்டு, தாள் பறக்காமலிருக்க வலது பக்கத்தின் மேல் தூக்குச்சட்டியைத் திரும்ப வைத்தார். வெயிலுமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வரியை நேராக வாசித்தார்.

‘பாண்டிச்செல்வி, 29, கா/பெ யோகராஜ். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார். இடது முன்கை எலும்பு முறிவு.’

கா.

“இது என்னய்யா, கா/பெ?” அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“காப்பாளர் பெயர்” என்றார் கொம்பையா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “புருசன் கூட வந்தா க/பெ. தகப்பன்னா த/பெ. இந்தாளு யாருன்னு கேட்டேன். ஆட்டோக்காரன்னாரு. ஆட்டோக்காரருக்குன்னு இதுல கட்டம் போடலை. மயக்கமா வந்த பிள்ளைக்கு ஒருத்தர் பொறுப்பு ஏக்கணும்லா, கா/பெ போட்டுக் கையெழுத்து வாங்குனேன். இதுல என்ன தப்பு?”

கைக்கு மாவுக்கட்டு. அதை மறைக்கத்தான் கத்திரி வெயிலிலும் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். ஒரு கையால் இறங்க முடியாதவளைக் கைத்தாங்கலாகத்தான் இறக்க முடியும். வெயிலுமுத்துவின் அறிக்கையில் ஒவ்வொரு ‘தெளிவு’ம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து அறைந்தது.

“துணைக்கால்” என்றாள் ராதாமணி மெதுவாக. பள்ளிக்கூடத்தில் க-வுக்குப் பக்கத்தில் போட்டு கா ஆக்கச் சொல்லிக்கொடுப்பார்களே, அந்தக் கோடு. “ஒரே ஒரு துணைக்காலை எங்கனயோ தொலைச்சுட்டு வந்திருக்கீங்க. ரெண்டு வீடு நொண்டுது.”

அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

அப்படியே திரும்பியிருந்தால் ஒரு மன்னிப்போடு கேஸ் முடிந்திருக்கும். ஆனால் கொம்பையா புறப்பட்டவர்களை விடவில்லை. “பாதியை வாசிச்சுட்டுப் போறீங்களே. இந்த ரிஜிஸ்டர் ரெண்டு பக்கமா ஓடுது. இடது பக்கம் சேர்த்தது. வலது பக்கம் விட்டது.” சொல்லிக்கொண்டே தூக்குச்சட்டியைத் தூக்கினார்.

பதினாறு வருடம் ஆயிரமாயிரம் தூக்குச்சட்டிகளின் உள்ளே பார்த்த வெயிலுமுத்து, ஒன்றின் அடியில்கூடப் பார்த்ததில்லை.

‘12-4-97. வீடு திரும்பினார். செவ்வாய்தோறும் கட்டுப் பார்க்க வர வேண்டும். அழைத்துச் செல்பவர்: லிங்கராஜ், கணவர்.’ பக்கத்தில் கையெழுத்து. ஃபீஸ் ரசீதில், வக்கீல் கடிதத்தில், மனுவின் அடியில் என்று மூன்று இடத்தில் வெயிலுமுத்து பார்த்த அதே கையெழுத்து. ‘ஜ்’ வாலைச் சுருட்டி மேலே ஏற்றியிருந்தது.

“ராதா... லிங்கராஜ் நம்மகிட்ட வந்தது எந்தத் தேதி?”

“மே அஞ்சு.”

“வந்து என்ன சொன்னாரு?”

“‘எனக்கு ஒண்ணுமே தெரியாது, அண்ணாச்சி. மனசுல ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை மட்டும் அவ பின்னால போய்ப் பாருங்க’ன்னாரு.” சொல்லி முடிக்கும்போது அவளுக்கும் புரிந்துவிட்டது. “ஒண்ணுமே தெரியாதவருக்குக் கிழமை மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“அவளுக்கு அடிபட்டது தெரியும். யாரு கொண்டுவந்து சேர்த்ததுன்னு தெரியும். இந்த வரியையும் பாத்திருக்காரு. கூட்டிட்டுப் போய் மூணு வாரம் வச்சிருந்துட்டு நம்மகிட்ட வாராரு.”

ராதாமணி கோர்ட் வாசலில் கற்ற கல்வி முழுவதையும் திரட்டினாள். “மாடி இல்லாத வீட்டுல கையை ஒடிச்சது வேற யாரு? அடிச்சவன் போயி அத்துவிடுங்கன்னு கேக்க முடியாது, அண்ணாச்சி. அடி வாங்குனவதான் கேக்கணும். அவ கேட்டா ஜீவனாம்சமும் குடுக்கணும். அதுக்கு முன்ன இவரு முந்திக்கிட்டு, அவ நடத்தை சரியில்லைன்னு சொல்லிட்டா விவாகரத்தும் கிடைக்கும், சோறு போடுத பொறுப்பும் விட்டுது. இவரா வந்து சொன்னா பொண்டாட்டி மேல சந்தேகப் புத்தின்னுருவாவ. அதான், வெளியாளு ஒருத்தன் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்னு... நீங்க துப்பறியலை. அவரு வச்ச துப்பைப் போயிப் பொறுக்கிட்டு வந்திருக்கீங்க.”

கொம்பையா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு அவரே வந்தார். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஜெராக்ஸ் எடுத்து, “கோர்ட்டுல கூப்பிட்டா நானும் வருவேன். என் எழுத்தைக் குறை சொல்ல விடமாட்டேன்” என்று கையில் கொடுத்தார்.

யோகராஜ் ஆட்டோவில் சாய்ந்தபடி இருந்தார். ராதாமணி ஜெராக்ஸை அவரிடம் நீட்டி, வலது பக்கத்தைக் காட்டினாள். அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

“செவ்வாய்க்கிழமை நீயே கூட்டிட்டுப் போ, எனக்கு மண்டியில லோடு வருதுன்னு சொன்னதே அவருதாங்க்கா. இதையும் சொன்னேன். அவரு இல்லைனுட்டாரு. யாரு நம்புதா? அடிச்சது வெளிய தெரிஞ்சா புருசனுக்கு மானம் போயிரும்னு அந்தம்மா என்கிட்ட சத்தியம் வாங்குச்சு. அந்த மானத்தைக் காப்பாத்தப் போயி...” கையால் பானு வரைந்த படத்தைச் சரிசெய்தார். “ஆமா, நீங்க யாரு? ஏன் இதையெல்லாம் பாக்குதீங்க?”

வெயிலுமுத்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். “போயிட்டே பேசுவோம்” என்றார். முப்பது கிலோமீட்டரும் போனார்கள். பேசவில்லை.

ஐந்து மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கேட் திறந்தது. பெண்கள் கூட்டத்திலிருந்து முத்துசெல்வி தனியே பிரிந்து வந்தாள். ஆட்டோவையும் அதில் புருசனையும் பார்த்து நாலடி தள்ளி நின்றாள்.

“அண்ணாச்சி, ஆளைக் கண்டுபிடிச்சாச்சா?”

ஓட வேண்டுமானால் இதுதான் கடைசி சந்தர்ப்பம். பக்கத்துச் சந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும். வெயிலுமுத்து அதையும் யோசித்தார். இல்லையென்று சொன்னால் பொய்.

“கண்டுபிடிச்சாச்சும்மா. அந்தப் பாவி நாந்தான்.”

முத்துசெல்வி ராதாமணியைப் பார்த்தாள். ராதாமணி தலையை ஆட்டினாள். யோகராஜ் ஆட்டோவிலிருந்து மெல்ல இறங்கினார்.

“கேக்கணும்னு சொன்னியே, கேளு. என் ரெண்டு கண்ணால பாத்தேனான்னுதானே? பாத்தேன். தலைகீழா பாத்தேன். கா/பெயைக் க/பென்னு எழுதிட்டேன். அது காப்பாளர். கை ஒடிஞ்சு நின்ன ஒரு பிள்ளைக்கு உன் வீட்டுக்காரரு பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவ்வளவுதான் அவரு செஞ்சது.” ஜெராக்ஸ் தாளை நீட்டினார்.

அவள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பசை விரலால் அந்தக் கோட்டின் மேல் ஒருமுறை தடவினாள்.

“எங்க ஆபீஸ்ல, ஒத்தக் குச்சி கோணலா இருந்தாலும் குச்சி அடுக்குத கட்டை முழுசையும் கழிச்சுருவாவ, அண்ணாச்சி. திரும்ப முதல்ல இருந்து அடுக்கணும். திட்டிக்கிட்டே அடுக்குவேன். ஒத்தக் குச்சிக்குப் போயி இப்படிப் பண்ணுதாவளேன்னு.” அவள் தாளைத் திருப்பிக் கொடுத்து, அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்குக் கூண்டுல இதைச் சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“சொல்லுங்க. உங்களை மன்னிக்கதா வேண்டாமாங்கிறதைப் பொறவு பாப்போம்.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “எங்க வீட்டுக்காரரு சொன்னதை நானும்தானே தலைகீழா வாசிச்சேன். ஏழு வாரம்.”

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். சுருட்டிக் கட்டியிருந்த பாயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கன போகணும்?” என்றார் யோகராஜ், வழக்கத்தில்.

“என்ன கேள்வி இது? பிள்ளை ஸ்டாண்டுல வந்து நிக்கும். அவளை ஏத்திட்டு வீட்டுக்கு விடுங்க.”

ஆட்டோ போனபின் ராதாமணி சொன்னாள்: “நாளைக்குக் கூண்டுல மாத்திச் சொன்னா, அதுக்குப் பொறவு ஒரு பய நம்ம மாடிப்படி ஏற மாட்டான், அண்ணாச்சி.”

“கீழ மிட்டாய்க் கடையில ஆளு எடுக்காவளான்னு கேட்டு வை.”

“உங்களை மிட்டாய் உருட்டுததுக்குச் சேர்ப்பாவ. எண்ணுததுக்குச் சேர்க்க மாட்டாவ.”

மறுநாளும் செவ்வாய்க்கிழமைதான்.

கூண்டில் ஏறியதும் கோர்ட் குமாஸ்தா பேனாவைத் தயார்பண்ணிக்கொண்டு கேட்டார். “பேர்?”

“வெயிலுமுத்து.”

“த/பெ?”

“தகப்பனார் பெயர்னு முழுசா எழுதிக்கோங்கய்யா. சுருக்கி எழுதுனா வில்லங்கம். அவரு பேரு கடற்கரை.”

பின் பெஞ்சில் ராதாமணி இருமினாள். அவளுக்குப் பக்கத்தில் முத்துசெல்வியும் யோகராஜும். முன்னால், தனியாக, பாண்டிச்செல்வி. மே மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், அவள் முகத்தை இப்போதுதான் பார்த்தார். இப்போதும் அவள் இடது தோளை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கட்டுப் பிரித்து ஐந்து மாதமாகிவிட்டது, பழக்கம் போகவில்லை. அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். குனிய வேண்டியவர் யார் என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியும். கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

லிங்கராஜ் வெள்ளைச் சட்டையில், வக்கீலுக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வக்கீல் அறிக்கையை நீட்டினார்.

“இது நீங்கள் கொடுத்த அறிக்கைதானே?”

“என்னோடதுதான்யா. ஆனா அதுல ஒரு கால் குறையுது.”

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. பாடம் பண்ணி வந்த அடுத்த கேள்விக்கு அவசரமாகத் தாவினார். “அது இருக்கட்டும். உங்கள் விசாரணையில் குற்றவாளி யார் என்று தெரியவந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.”

“ரெண்டு பேருங்கய்யா” என்றார் வெயிலுமுத்து. “ஒருத்தரு, உங்க பக்கத்துல வெள்ளைச் சட்டையில உக்காந்திருக்காரு. இன்னொருத்தன் இங்கன நிக்கான்.”

பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்து நீதிபதியின் பக்கமாக, நேராகத் திருப்பி நீட்டினார். வக்கீல் ஏதோ ஆட்சேபணை என்று கத்தினார். லிங்கராஜ் பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார். வெயிலுமுத்து அவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதியிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். மாடி இல்லாத வீட்டைச் சொன்னார். தூக்குச்சட்டிக்கு அடியில் இருந்த கையெழுத்தைச் சொன்னார். தான் எழுதிய ‘தெளிவு’களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றும் தப்பு, தப்பு என்றார். இடது முன்கை எலும்பு முறிவு என்று அவர் சொன்ன இடத்தில், பாண்டிச்செல்வி தலையை நிமிர்த்தினாள்.

பிறகு, போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து, சற்றே கோணலாகக் கூடியிருந்த அந்தக் கையை மடிமேல் எல்லோரும் பார்க்க வைத்துக்கொண்டாள்.